கோல் போட்டா கோடி, லேப்ல இருந்தா கான்ட்ராக்ட்

கேள்வி: மலேரியா ஒட்டுண்ணி பத்தி ஆராய்ச்சி பண்றேன். பிஎச்டி முடிச்சு ஆறு வருஷம் ஆச்சு, இன்னமும் வருஷா வருஷம் கான்ட்ராக்ட்தான், நீட்டிப்பாங்களா மாட்டாங்களான்னு கடைசி வாரம் வரைக்கும் தெரியாது. வீட்ல எல்லாரும் உக்காந்து ஃபுட்பால் ஃபைனல் பாத்துட்டு இருந்தப்ப மாமா, "இந்தப் பையன் ஒரு மேட்ச்ல சம்பாதிக்கிறத நீ ரிட்டையர் ஆகுற வரைக்கும் சம்பாதிக்க மாட்ட"ன்னு சொன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க. என் வேலைக்கு இந்த சமூகத்துல மதிப்பே இல்லையா? பேசாம கம்பெனி வேலைக்குப் போயிடவா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மாமா சொன்ன கணக்கு சரிதான் தங்கச்சி, அதுல சண்டை போட ஒண்ணும் இல்ல. 2017-ல ஃபுட்பால் ப்ளேயர் நெய்மாரை பார்சிலோனா கிளப்கிட்ட இருந்து வாங்க பாரிஸ் கிளப் கொடுத்தது 22.2 கோடி யூரோ, அதுவும் அவரோட சம்பளம் இல்ல, அவரை விடுறதுக்கு கிளப்புக்குக் கட்டின காசு. 2023-ல மருத்துவ நோபல் மொத்தமே சுமார் பத்து லட்சம் டாலர், அதையும் கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் பாதிப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க. கோடிக்கணக்கான பேர் போட்டுக்கிட்ட எம்ஆர்என்ஏ கோவிட் தடுப்பூசிக்கு அடித்தளம் போட்ட ரெண்டு பேர் அவங்க. இதுல கரிக்கோவை ஆராய்ச்சிக்கு நிதி கொண்டு வரலன்னு 1995-ல பதவி இறக்கியிருக்காங்க. படிக்கும்போதே எனக்கு வயிறு எரிஞ்சது.

ஆனா சம்பளத்தை வச்சு மதிப்பை அளக்குறீங்க பாருங்க, அங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு ஆட்டத்தை ஒரே நேரத்துல கோடிக்கணக்கான பேர் டிவில பாக்குறாங்க, ஆளுக்கு கொஞ்சம் காசு போனாலே மலை மாதிரி சேருது, அதோட அடுத்த நிலையில இருக்குற ப்ளேயர் பத்து பேரை சேர்த்து இறக்கினாலும் ஒரு மெஸ்ஸி ஆகாது, அதனால எல்லா காசும் உச்சியில இருக்குற சில பேர்கிட்ட போய் நிக்குது. ஷெர்வின் ரோசன்ங்குற பொருளாதார அறிஞர் 1981-லயே இதை விளக்கி எழுதிட்டாரு. ஸ்டேடியத்துக்கு கேட் போட்டு டிக்கெட் கிழிக்கலாம், கண்டுபிடிப்புக்கு அப்படி முழுசா கேட் போட முடியாது. புதுக் கண்டுபிடிப்பால அமெரிக்க சமூகத்துக்குக் கிடைச்ச பலன்ல அதைக் கொண்டு வந்தவங்க கைக்கு வந்தது நூத்துல ரெண்டு பங்கு சொச்சம்தான்னு வில்லியம் நார்ட்ஹவுஸ்ங்குற இன்னொரு பொருளாதார அறிஞர் 2004-ல கணக்குப் போட்டு சொன்னாரு. மிச்சமெல்லாம் நமக்கு, உங்க மாமாவுக்கும் சேர்த்துதான்.

வயித்துப்போக்குக்குக் கரைச்சுக் குடிக்கிற ஓஆர்எஸ் பாக்கெட்டையே எடுத்துக்கோங்க. 1960-ல ராபர்ட் கிரேன்ங்குறவர், சிறுகுடல் செல்லுக்குள்ள குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாதான் நுழையுதுன்னு பிராக்ல நடந்த ஒரு விஞ்ஞானிகள் கூட்டத்துல சொன்னாரு. அன்னிக்கு வெளிய இருக்குறவங்க யாராவது கேட்டிருந்தா குடல்ல சர்க்கரை எப்படிப் போனா என்னன்னுதான் கேட்டிருப்பாங்க. 1971 வங்கதேசப் போர் சமயத்துல மேற்கு வங்கத்துல இருக்குற போங்கான் அகதி முகாம்ல காலரா, ஏத்துறதுக்கு சலைன் பாட்டில் தீந்து போச்சு, அப்ப டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூணையும் அளந்து பாக்கெட் போட வச்சு, தண்ணியில கரைச்சு டிரம்ல ஊத்தி, கூட வந்த சொந்தக்காரங்க கையிலயே கொடுத்து குடிக்க வைக்கச் சொன்னாரு. 30 சதவீதம் பேர் செத்துட்டு இருந்த இடத்துல சாவு 4 சதவீதத்துக்கும் கீழ வந்துச்சு. குளுக்கோஸ் சோடியத்தோட சேர்ந்து உள்ள போகும்போது தண்ணியும் பின்னாடியே போகும், அவ்வளவுதான் விஷயம். இதுக்கு யாரும் ஸ்டேடியத்துல கை தட்டல, மஹலனாபிஸுக்கு பத்ம விபூஷண் வந்ததே 2023-ல, அவர் இறந்ததுக்கு அப்புறம்.

அப்ப சமூகம் அறிவியலுக்கு காசே தர்றதில்லையா? நிறையவே தருது. அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துக்கு மட்டும் ஒரு வருஷத்துக்கு 4,500 கோடி டாலருக்கு மேல போகுது, அங்க இருக்குறதுலயே பணக்கார விளையாட்டு லீகான என்எஃப்எல் வருமானம் அதுல பாதி வரும். காசு இருக்கு தங்கச்சி, அது உங்களுக்கு நிரந்தரமான வேலையா வந்து சேர மாட்டேங்குது. கிராண்ட்ங்குற ஆராய்ச்சி நிதி மூணு வருஷம் அஞ்சு வருஷம்னு வருது, ஒரு பேராசிரியர் தன் காலத்துல பத்து இருபது பேரை பிஎச்டி வாங்க வைக்கிறாரு, காலியாகுற நிரந்தர இடம் அவரோடது ஒண்ணு, மத்தவங்க எல்லாம் உங்களை மாதிரி வருஷக் கான்ட்ராக்ட்ல நிக்கிறாங்க. உங்க கோபம் போக வேண்டிய இடம் இதுதான். நெய்மார் சம்பளத்தை நாளைக்கே பாதியாக்கினாலும் உங்க லேப்புக்கு அதுல ஒரு பைசா வராது.

இன்னொண்ணு, மாமாவுக்கு இது தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. 1961 வரைக்கும் இங்கிலாந்துல ஃபுட்பால் ப்ளேயருக்கு இவ்வளவுக்கு மேல சம்பளம் கொடுக்கக் கூடாதுன்னு ரூலே இருந்துச்சு, கடைசியா வாரத்துக்கு 20 பவுண்டு. அப்பவும் ஸ்டேடியத்துல கூட்டம் நெரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு, ஜனங்க உயிரா ரசிச்சாங்க, ஆனா காசு முதலாளிங்ககிட்டதான் நின்னுச்சு. ஜிம்மி ஹில் தலைமையில ப்ளேயர்ஸ் யூனியன் ஸ்ட்ரைக் பண்ணுவோம்னு நின்ன பிறகுதான் அந்த ரூல் போச்சு. அப்புறம் 1995-ல போஸ்மன்ங்குற பெல்ஜியம் ப்ளேயர் ஐரோப்பிய கோர்ட்ல ஜெயிச்ச பிறகுதான் கான்ட்ராக்ட் முடிஞ்சா காசு கட்டாம வேற கிளப்புக்குப் போகலாம்னு ஆச்சு. அவங்க ஆட்டம் ஒரே ராத்திரியில உசந்துடல, சேர்ந்து நின்னு பேரம் பேசினாங்க. 2022 நவம்பர்ல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியில போஸ்ட்டாக்கும் (பிஎச்டி முடிச்சு தற்காலிகமா ஆராய்ச்சி பண்றவங்க), மத்த ஆராய்ச்சியாளர்களும், ஆராய்ச்சி பண்ற, பாடம் நடத்துற மாணவங்களுமா சுமார் 48,000 பேர் வேலையை நிறுத்தினாங்க, சம்பள உயர்வு வாங்கினாங்க. அவங்கள்ல நிறைய பேர் உங்களை மாதிரி லேப்ல பிப்பெட் பிடிக்கிறவங்கதான்.

கம்பெனிக்குப் போறதைப் பத்தி. போனா துரோகம் ஒண்ணும் இல்ல, மருந்து கம்பெனியிலயும் உங்க ஒட்டுண்ணி வேலை தெரிஞ்ச ஆளுக்குத் தேவை இருக்கு. ஆனா மாமா சொன்னதுக்காகப் போகாதீங்க. முதல்ல உங்க பேராசிரியர்கிட்ட உக்காந்து பேசுங்க, இந்த கிராண்ட் எந்த மாசம் முடியுது, அடுத்ததுக்கு அப்ளை பண்ணியாச்சா, அதுல என் பேருக்கு எத்தனை வருஷ சம்பளம் போட்டிருக்கீங்கன்னு கேளுங்க, பதிலை மெயில்ல வாங்கி வச்சுக்கோங்க. உங்க இடத்துல போஸ்ட்டாக்குகளுக்கு சங்கம் இருந்தா சேருங்க, இல்லன்னா இதே நிலைமையில இருக்குற நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் ஒண்ணா கேளுங்க, தனியா கேக்குறப்ப கிடைக்குற பதில் வேற. கையில இருக்குற பேப்பரை முதல் ஆசிரியரா முடிச்சுடுங்க, எங்க போனாலும் அது உங்களோடது. ரெண்டு வருஷத்துக்காவது எழுத்துல உறுதி வரலன்னா, கான்ட்ராக்ட் முடிய ஆறு மாசம் இருக்கும்போதே வெளிய அப்ளை பண்ண ஆரம்பிச்சுடுங்க, கடைசி வாரம் வரைக்கும் காத்திருக்க வேணாம்.