சுத்தம் செய்த பிறகு ட்ரிகர் மக்கர் செய்கிறதா? கேள்வி பதில்

கைத்துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து மாட்டிய பிறகு ட்ரிகரில் கோளாறு கண்டவர்கள் கேட்டவை இவை. பதில்களுக்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) வெளியே எடுங்கள். ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) பின்னால் இழுத்துப் பூட்டுங்கள். சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பாருங்கள், விரலை விட்டுத் தொட்டும் பாருங்கள். தோட்டாக்கள் அடுத்த அறையில் இருக்கட்டும். கீழே வரும் எந்தச் சோதனையும் இதற்குப் பிறகுதான்.

கேள்வி: சார், க்ளாக் 17-ஐ முதல் தடவையாகக் கழற்றித் துடைத்தேன். மாட்டிய பிறகு ட்ரிகர் பின்னாலேயே கிடக்கிறது, முன்னுக்கு வரவில்லை. எதையாவது உடைத்துவிட்டேனா?

பயப்படாதீர்கள், பெரும்பாலும் இது கோளாறே இல்லை. க்ளாக்கில் வெளியே தெரியும் ஹேமர் (ஊசியை அடிக்கும் சுத்தியல்) கிடையாது, உள்ளே தோட்டாவைக் குத்தும் ஊசியான ஸ்ட்ரைக்கர்தான். ட்ரிகரை ஒருமுறை அழுத்திவிட்டால், ஸ்லைடு பின்னால் போய் வந்தால்தான் அது திரும்ப முன்னுக்கு வரும். ஸ்லைடைக் கழற்றவே ட்ரிகரை அழுத்த வேண்டியிருப்பதால், துடைத்து மாட்டும் எல்லோரும் இந்த நிலையைப் பார்ப்பார்கள். ஸ்லைடை முழுதாக இழுத்து விடுங்கள். ட்ரிகர் முன்னுக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது. அப்படியும் வரவில்லை என்றால் ஸ்ட்ரைக்கரும் ட்ரிகர் பாரும் (ட்ரிகரின் அசைவை உள்ளே கொண்டுபோகும் கம்பி) ஒன்றையொன்று பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எண்ணெய் போட்டால் நன்றாக ஓடும் என்று ஸ்ட்ரைக்கர் இருக்கும் துளைக்குள்ளும் தாராளமாக விட்டேன். இப்போது ட்ரிகரை அழுத்தினால் 'க்ளிக்' என்கிறது, தோட்டா வெடிப்பதில்லை. தோட்டாவின் பின்புறத்தில் லேசான புள்ளி மட்டும் விழுகிறது.

ட்ரிகர் மேல் குற்றமில்லை, எண்ணெய்தான் காரணம். அந்தத் துளைக்குள் ஊசி வேகமாகப் பாய வேண்டும். எண்ணெய் நிறைந்தால் கரியும் பித்தளைத் துகளும் அதில் சேர்ந்து சேறாகி, ஊசியின் வேகத்தைக் குறைக்கும். குளிரில் எண்ணெய் கெட்டியாகும்போது இன்னும் மோசம். ஸ்ட்ரைக்கரை வெளியே எடுத்து, கரைப்பான் போட்டு அதையும் துளையையும் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். அந்தத் துளை உலர்ந்தே இருக்க வேண்டும். க்ளாக்கில் எண்ணெய் கேட்கும் முக்கியமான இடம் வேறு: ஃப்ரேமின் (கைப்பிடியோடு சேர்ந்த கீழ்ப்பகுதி) பின்பக்கம் வலது மூலையில், கனெக்டர் என்ற சிறு தகடும் ட்ரிகர் பாரும் உரசும் முனை. அங்கே ஒரு சொட்டு போதும். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் ட்ரிகர் கனமாகவும் கரகரப்பாகவும் இழுக்கும்.

இன்னொன்று: வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்காதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி 30 விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பது அபூர்வம், ஆனால் நடக்கும்.

கேள்வி: அண்ணா, 1911 பிஸ்டலை கடைசி பின் வரைக்கும் பிரித்துத் துடைத்தேன். மாட்டிய பிறகு ஸ்லைடை விட்டால் ஹேமரும் கூடவே கீழே போய்விடுகிறது. ட்ரிகரும் தொளதொளவென்று ஆடுகிறது. ஹேமரைப் பிடித்து வைக்கும் சியரின் முனையை லேசாகத் தீட்டினால் சரியாகுமா?

தீட்டாதீர்கள் தம்பி. அரத்தைக் கையிலேயே எடுக்காதீர்கள். துடைப்பதற்கு முன் ஒழுங்காக வேலை செய்த சியர், துடைத்ததால் தேய்ந்திருக்காது. நீங்கள் மாட்டிய விதத்தில்தான் கோளாறு இருக்கிறது.

கைப்பிடியின் பின்பக்கம் உள்ளே, மூன்று விரல்களாகப் பிளந்த தகட்டு ஸ்பிரிங் ஒன்று இருக்கும். இடது விரல் சியரை அழுத்தி ஹேமரைப் பிடித்து வைக்கிறது. நடுவிரல் டிஸ்கனெக்டரையும் (ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு மட்டும் போகச் செய்யும் பாகம்) அதன் வழியே ட்ரிகரையும் முன்னுக்குத் தள்ளுகிறது. வலது விரல் கிரிப் சேஃப்டிக்கு (கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் மட்டும் விலகும் பூட்டு). நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வருவதால், இடது விரலும் நடுவிரலும் தங்கள் இடத்தில் இல்லை என்று நினைக்கிறேன். பெரும்பாலும் இது எப்படி நடக்கிறது என்றால், ஸ்பிரிங்கின் அடியில் இருக்கும் சிறு மடிப்பு ஃப்ரேமில் உள்ள வெட்டில் உட்காராமல் இருக்கும். மெயின்ஸ்பிரிங் ஹவுசிங்கை (ஹேமரை இயக்கும் ஸ்பிரிங்கின் கூடு) கீழிருந்து ஏற்றும்போது தகடு நகர்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

மறுபடி பிரியுங்கள். சியரும் டிஸ்கனெக்டரும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தகட்டை வைத்து, அடி மடிப்பு வெட்டில் விழுந்ததைக் கண்ணால் உறுதி செய்யுங்கள். டார்ச் வெளிச்சத்தில் மேலிருந்து பார்த்தால் இடது விரல் சியர் மீதும், நடுவிரல் டிஸ்கனெக்டரின் சாய்வான முகத்திலும் படிந்திருப்பது தெரியும். அப்புறம் ஹவுசிங்கைப் பாதி தூரம் மட்டும் ஏற்றுங்கள். அது தகட்டை நகராமல் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் கிரிப் சேஃப்டியையும் கட்டைவிரலால் தள்ளும் தம்ப் சேஃப்டியையும் மாட்டிவிட்டு, கடைசியில் ஹவுசிங்கை முழுதாக ஏற்றுங்கள். ஹேமர் ஸ்ட்ரட்டின் (ஹேமரிலிருந்து தொங்கும் தண்டு) நுனி மெயின்ஸ்பிரிங் தொப்பி மேல் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஹேமர் ஸ்லைடோடு போவதைச் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நிலையில் தோட்டா போட்டால், ஸ்லைடு மூடும்போதே வெடிக்கலாம், அல்லது ஒரு அழுத்தலுக்குப் பல குண்டுகள் போகலாம். இரண்டாவது முறை மாட்டியும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கேள்வி: பெரெட்டா 92-இல் கைப்பிடித் தகடுகளைக் கழற்றித் துடைத்தேன், அவ்வளவுதான். ட்ரிகர் செத்துவிட்டது.

வலதுபக்கத் தகட்டைக் கழற்றினீர்கள் அல்லவா? ட்ரிகர் பார் அந்தப் பக்கம் வெளியே ஓடுகிறது. அதை மேலே தள்ளும் மெல்லிய கம்பி ஸ்பிரிங்கைப் பிடித்து வைப்பதே அந்தத் தகடுதான். தகடு போனதும் ஸ்பிரிங் நழுவியிருக்கும். தரையிலும் துணி மடிப்பிலும் தேடுங்கள். கிடைத்தால் இடத்தில் மாட்டி, விரலால் அழுத்திப் பிடித்தபடியே தகட்டை மூடுங்கள். இனிமேல் இந்த வேலையைப் உள்ளே இருப்பது தெரியும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுச் செய்தால் எதுவும் பறந்து போகாது.

கேள்வி: பழைய ரூகர் மார்க் வகை, 22 காலிபர். மாட்டிய பிறகு போல்ட் (சேம்பரை மூடித் திறக்கும் உருளை) முழுதாகப் பின்னால் வரவில்லை, ட்ரிகரும் பிடிக்கவில்லை.

ஹேமர் ஸ்ட்ரட் மெயின்ஸ்பிரிங் குழியில் விழாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. வலுவாக இழுக்காதீர்கள். ஹவுசிங்கைத் திறந்து, ஹேமரைக் கீழே விட்டு, ஸ்ட்ரட் தடையில்லாமல் தொங்கும்படி சாய்த்துப் பிடித்து மூடுங்கள். 2016-இல் வந்த மார்க் 4 ஒரே பொத்தானில் பிரிகிறது. அதற்கு முந்தைய மாடல்களில் இந்தத் தொல்லை எல்லோருக்கும் உண்டு.

கேள்வி: துடைத்து சில மாதம் சும்மா வைத்திருந்தேன். ட்ரிகர் இப்போது ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திரும்புகிறது. டபிள்யூடி-40 அடித்திருந்தேன்.

அது ஈரத்தை விரட்டும் திரவம், ட்ரிகர் உள்பாகங்களுக்கான நிலையான எண்ணெய் இல்லை. ஆவியானது போக மிஞ்சுவது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். துப்பாக்கிக் கரைப்பானால் கழுவி, துப்பாக்கி எண்ணெயை உரசும் முனைகளில் மட்டும் தொட்டு வையுங்கள். வண்டி பிரேக்குக்கு அடிக்கும் கிளீனரைப் பிளாஸ்டிக் ஃப்ரேமில் அடிக்காதீர்கள், சில வகை பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

கழுவியும் தீரவில்லை என்றால் பூதக்கண்ணாடி வைத்து சியர் முனையைப் பாருங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைத்தவர்கள் நிறைய பேர். அதிலிருந்து பிரிந்த ஒரே ஒரு இழை, எண்ணெயில் ஊறி உலோகத்தின் நிறத்துக்கே மாறி, சியருக்கும் ஹேமர் வெட்டுக்கும் நடுவில் படுத்திருக்கும். சாமணத்தால் எடுத்தால் போதும், ட்ரிகர் பழையபடி வந்துவிடும்.

கேள்வி: 10 மீட்டர் ஏர் பிஸ்டல். சுத்தம் செய்யும்போது ட்ரிகர் திருகுகள் திரும்பிவிட்டன. போட்டிச் சோதனையில் ட்ரிகர் எடை (ட்ரிகரை விடுவிக்கத் தேவைப்படும் இழுவிசை) தேறவில்லை.

ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) விதிப்படி குறைந்தது 500 கிராம் வேண்டும். குழல் செங்குத்தாக நிற்க, ட்ரிகரில் மாட்டிய 500 கிராம் எடையைத் தரையிலிருந்து தூக்க வேண்டும், அப்போது அது விடுபடக் கூடாது. எடைத் திருகையும், ட்ரிகர் இழுப்பின் முதல் கட்டம், இரண்டாம் கட்டத் திருகுகளையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். ஒன்றைக் கால் சுற்று திருப்பி, சோதித்து, அப்புறம் அடுத்தது. சரியாக 500-இல் நிறுத்தாமல் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். காற்றழுத்தம் உள்ள பகுதிக்குள் பெட்ரோலிய எண்ணெய் போகவே கூடாது. உயர் அழுத்தத்தில் அது தீப்பற்றக்கூடும், சீல்களையும் கெடுக்கும்.

கேள்வி: சரி செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஒரு தோட்டா போட்டுப் பார்த்துவிடலாமா?

வீட்டில் வேண்டாம். முதலில் காலித் துப்பாக்கியில், 1911 போல ஹேமரை ஏற்றிய நிலையில் சேஃப்டி போடக்கூடிய மாடலானால்: ஹேமரை ஏற்றி சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை அழுத்துங்கள், விழக்கூடாது. விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை விலக்குங்கள், அப்போதும் விழக்கூடாது. அழுத்துங்கள், விழ வேண்டும். விரலை எடுக்காமலே ஸ்லைடை இழுத்து விடுங்கள், ஹேமர் மேலேயே நிற்க வேண்டும். இனி விரலை மெதுவாகத் தளர்த்தினால் ஒரு சின்ன 'டிக்' கேட்கும். மறுபடி அழுத்தினால் விழ வேண்டும். 22 காலிபராக இருந்தால் இதையெல்லாம் போலித் தோட்டா வைத்துச் செய்யுங்கள். பல மாடல்களில் ஊசி சேம்பர் விளிம்பில் இடித்துப் பள்ளம் விழும்.

இதெல்லாம் தேறினால் சுடுதளத்துக்குப் போங்கள். மேகசினில் ஒரே ஒரு தோட்டா. அது சரியாகப் போனால் இரண்டு. ஒரு அழுத்தலுக்கு இரண்டும் போய்விட்டால் அங்கேயே நிறுத்திப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். இரண்டும் தனித்தனியாகப் போனால் மேகசினை நிரப்பலாம்.