இரண்டே நாளில் பெயரும் நெயில் பாலிஷ்

கேள்வி: செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம். அதனால் பார்லரில் நகம் செய்துகொள்வதை நிறுத்திவிட்டேன். வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று பன்னிரண்டு நிறங்கள் கொண்ட மலிவான செட் ஒன்று வாங்கினேன். இரண்டாம் நாளே நுனியில் பெயர்ந்துவிடுகிறது. இடது கை பரவாயில்லை, வலது கை பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு பாட்டில் அதற்குள் கெட்டியாகிவிட்டது, ரிமூவர் ஊற்றலாமா? கூட வேலை பார்க்கும் தோழி, விளக்கோடு வரும் ஜெல் கிட் வாங்கினால் பார்லர் செலவே மிச்சம், நீயும் பாதிப் பணம் போடு என்கிறாள். போடட்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்தப் பாதிப் பணம் இப்போதைக்கு உங்கள் பையிலேயே இருக்கட்டும். ஜெல்லைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

முதலில் இந்தப் பெயர்கிற விவகாரம். பாலிஷ் மட்டம் என்று நினைத்திருப்பீர்கள். இருக்கலாம். ஆனால் நகத்தில் ஈரமோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பாட்டிலும் இதே வேலையைத்தான் காட்டும். நகம் பார்க்கத்தான் கெட்டி, தண்ணீரை நன்றாகக் குடிக்கும். பார்லரில் கையை வெந்நீரில் ஊறவைப்பார்களே, சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஊறிய நகம் லேசாக விரிந்திருக்கும். அப்போது பூசினால், நகம் காய்ந்து பழைய அளவுக்குச் சுருங்கும்போது மேலே இருக்கிற பூச்சு அதோடு ஒத்துப்போகாது. விளிம்பில் பிடி விட்டுவிடும். அதனால் குளித்த கையோடு, பாத்திரம் கழுவிய கையோடு உட்காராதீர்கள். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

வெட்டுவது, ராவுவது எல்லாம் முடிந்த பிறகு, பஞ்சில் ரிமூவர் தொட்டு ஒவ்வொரு நகத்தையும் ஒருமுறை துடையுங்கள். பழைய பாலிஷ் இல்லையே, எதற்கு என்று கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத எண்ணெயை எடுக்கத்தான் அது. துடைத்த பிறகு நகத்தைத் தடவிப் பார்க்கக் கூடாது, கிரீமும் கூடாது. நகம் முளைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் தோலை, அதாவது க்யூட்டிக்கிளை, வெட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கிருமி உள்ளே போகாமல் தடுப்பதே அந்தத் தோல்தான். குளித்ததும் அது மெத்தென்று இருக்கும்போது துண்டால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினால் போதும்.

இனி பூசுவது. பாட்டிலைக் குலுக்காதீர்கள், உள்ளே காற்றுக் குமிழ் ஏறிவிடும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். பிரஷ்ஷின் ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் நன்றாக வழித்துவிட்டு, மறுபக்கத்தில் மட்டும் சிறு துளி இருக்கும்படி எடுங்கள். அடித்தோலுக்கு ஒரு மயிரிழை முன்னால் நடுவில் வைத்து, நுனி வரை ஒரே இழுப்பு. பிறகு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மூன்றோடு நிறுத்திவிட வேண்டும். திட்டுத் திட்டாகத் தெரிந்தாலும் திரும்பப் போய்த் தடவாதீர்கள், அடுத்த கோட், அதாவது அடுத்த பூச்சு, போடும்போது சரியாகிவிடும். கடைசியாக, நகத்தின் வெட்டுமுனையிலும் பிரஷ்ஷை ஒருமுறை ஓட்டுங்கள். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நாள் முழுக்கக் கீபோர்டில் அடிபடுவதும் பாத்திரத்தில் உரசுவதும் அந்த முனைதான். அங்கே பூச்சு மூடியிருக்காவிட்டால் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே நுழையும்.

ஒவ்வொரு கோட்டும் மெல்லியதாக இருக்க வேண்டும், அதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண பாலிஷில் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருள் கரைப்பானில் கரைந்திருக்கும். கரைப்பான் ஆவியாகப் போனால்தான் படலம் இறுகும். தடிமனாகப் பூசினால் மேலே மட்டும் ஆடை கட்டிவிடும், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். குமிழ் வருவதும், காலையில் போர்வையின் நெசவு அப்படியே நகத்தில் பதிந்திருப்பதும் அதனால்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். கால் மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது, ஆனால் அடி வரை இறுகச் சில மணி நேரம் ஆகும். அதுவரை வெந்நீர் வேலை வேண்டாம்.

பணம் எங்கே போட வேண்டும் என்பதில்தான் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. பன்னிரண்டு நிறம் எதற்கு? எனக்குப் புரியவில்லை. நான்கைத்தான் மறுபடி மறுபடி போடப் போகிறீர்கள். நிறம் மலிவாக இருக்கட்டும், பரவாயில்லை. நிறத்துக்கு அடியில் பூச நல்லதாக ஒரு பேஸ் கோட், மேலே பூச ஒரு டாப் கோட் வாங்குங்கள். பேஸ் கோட் நகத்தைப் பிடித்துக்கொள்ளும், அடர்ந்த நிறங்கள் நகத்தை மஞ்சளாக்காமலும் காக்கும். டாப் கோட் இறுகி நிற்கும், உரசலைத் தாங்கும். இரண்டையும் ஒன்றே செய்யும் என்று விற்கும் பாட்டில்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டுமே ஒன்றுக்கொன்று எதிரான வேலை. மூன்றாம் நாள் டாப் கோட் மட்டும் இன்னொரு கை பூசினால் வாரம் தாங்கும். அப்புறம், அரம் வாங்கும்போது அதன் சொரசொரப்பைக் குறிக்கும் எண்ணைப் பாருங்கள். சொந்த நகத்துக்கு 180 அல்லது 240. நூறு என்பது செயற்கை நகத்துக்கு, உங்கள் நகத்தைப் பிய்த்துவிடும். க்யூட்டிக்கிள் ஆயில் என்று தனியாகச் சின்ன பாட்டில் வாங்க வேண்டியதில்லை. படுக்கும்போது கொஞ்சம் வாசலின் தடவினால் போதும், பாலிஷ் போடும் நாள் தவிர.

இன்னொன்று, கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். பத்து நாளில் அடியில் ஒரு மில்லிமீட்டர் வெறும் நகம் தெரியும். கருஞ்சிவப்பில் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், தோல் நிறத்துக்கு நெருங்கிய வெளிர் நிறங்களில் யாருக்கும் தெரியாது. அடிக்கடி போட நேரமில்லாதவர்களுக்கு வெளிர் நிறம்தான் சிக்கனம்.

வலது கைக்கு: பூசப்படும் கையை மேசையில் அழுத்தி வையுங்கள், பிரஷ் பிடித்த கையின் சுண்டு விரலையும் மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை வளைப்பதை விட விரலைத் திருப்புவது சுலபம். பொறுமை இருக்கும்போதே வலது கையை முதலில் முடித்துவிடுங்கள். தோலில் வழிந்ததை, பழைய ஐலைனர் பிரஷ்ஷை ரிமூவரில் தொட்டு வழித்தெடுக்கலாம்.

கெட்டியான பாட்டிலில் ரிமூவர் ஊற்றாதீர்கள். அதில் தண்ணீர், இன்னும் என்னென்னவோ கலந்திருக்கும், பாலிஷ் பாழாகும். நெயில் பாலிஷ் தின்னர் என்றே கிடைக்கிறது, இரண்டு மூன்று சொட்டு போதும். மூடும் முன் பாட்டிலின் கழுத்தைத் துடைத்து மூடினால் அடுத்தது கெட்டியாகாது.

சரி, ஜெல். அது காய்வதில்லை, விளக்கின் புற ஊதா ஒளி பட்டு வேதிவினையால் இறுகுகிறது. இறுகாத ஜெல்லில் அக்ரிலேட் வகைப் பொருள்கள் இருக்கும். அவை தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. இதே குடும்பப் பொருள்கள் பல் அடைப்பதிலும் எலும்பு அறுவை சிகிச்சையில் பயன்படும் சிமென்டிலும் உண்டு, ஆகவே நகத்தோடு முடிகிற தொல்லை இல்லை. ஹெமா என்ற அக்ரிலேட் உள்ள நகப் பொருள்களைத் தொழில்முறையாளர் மட்டுமே கையாள வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் விதி போட்டது. ஜெல் இறுகத் துணைபுரியும் டிபிஓ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடையே செய்துவிட்டார்கள்.

வீட்டில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், விளக்கும் ஜெல்லும் பொருந்தாமல் போவதில். ஒரு நிறுவனத்தின் விளக்கில் இன்னொன்றின் ஜெல்லை வைத்தால் மேலே பளபளவென்று இறுகியது போல் தெரியும், அடியில் அரைகுறையாக நிற்கும். நீங்களும் தோழியும் பங்கு போட்டு வாங்கினால் இதுதான் நடக்கும். முதலில் கிட்டில் வந்த ஜெல் தீரும், பிறகு ஆளுக்கொரு மலிவு பாட்டில் வரும், விளக்கு மட்டும் அதேதான். எடுப்பதிலும் சங்கடம் உண்டு. அசிட்டோன் என்ற கரைப்பானில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து எடுக்கப் பொறுமை இல்லாமல் உரித்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும். மெலிந்துபோன நகம் முழுதாக வளர்ந்து மாற ஆறு மாதம் ஆகும். ஒவ்வொரு முறை எடுக்கவும் அசிட்டோன், பஞ்சு, ஃபாயில் என்று செலவும் ஓடிக்கொண்டிருக்கும். விசேஷ நாளுக்கு ஜெல் வேண்டும் என்று ஆசையாக இருந்தால் அன்றைக்கு மட்டும் பார்லருக்குப் போய் வாருங்கள். கணக்குப் பார்த்தால் அது மலிவு.

தோழி வாங்கியே தீருவேன் என்றால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: அந்த விளக்குக்கென்று சொன்ன ஜெல்லைத் தவிர வேறு எதையும் வைக்க வேண்டாம். தோலில் பட்டதை விளக்கில் கை வைக்கும் முன்பே துடைத்துவிட வேண்டும். நகத்தைச் சுற்றி அரிப்போ, சிவப்போ, தோல் உரிவதோ தெரிந்தால் ஒரே ஒரு முறைதானே என்று மறுபடி போடாமல், தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கிட்டின் பெட்டியைத் தூக்கி எறியாமல் கையில் கொண்டுபோனால், என்ன பட்டது என்று மருத்துவர் கண்டுபிடிக்க உதவும்.