வெளிநாட்டுக்காரங்க கல்கத்தா அன்னை தெரசா மிஷன்ல வந்து நாள்பூரா என்னதான் பண்ணுவாங்க?

கேட்டவருக்கு: நான் கருமத்தம்பட்டிங்க, ரெண்டு வாரம் அன்னை தெரசா மடத்துல வாலண்டியரா இருந்தனுங்க, அதனால பார்த்ததச் சொல்றேன். காலைல 6 மணிக்குப் பூசை, அப்புறம் பிரட்டு, வாழைப்பழம், டீ, அவ்வளவுதான் டிபனு, நம்மூரு பழையசோறும் மோரும் எவ்வளவோ தேவலைனு தோணுச்சு. எட்டு மணிக்கு ஆளாளுக்கு ஒரு இல்லத்துக்குப் போயிருவாங்க, நான் போனது காளிகாட்டு நிர்மல் ஹிருதய், சாகக்கிடக்கற ஏழைங்களப் பார்த்துக்கற இல்லமுங்க, 1952ல ஆரம்பிச்சது. அங்க முக்கால்வாசி வேலை துணி துவைக்கறதுதானுங்க, கம்பளி, போர்வை, அழுக்கு பெட்ஷீட்டு எல்லாம் கையிலயே அலசி, ஆளுக்கொரு பக்கம் புடிச்சுப் பிழிஞ்சு மொட்டை மாடில காயப்போடோணும், கூட இருந்த ஸ்பெயின்காரர் பேங்க் மேனேஜராம், ரெண்டாவது நாளே இடுப்பப் புடிச்சுட்டாரு, பாவம். அப்புறம் அங்க இருக்கற நோயாளிங்களுக்கு நகம் வெட்டறது, சவரம் பண்றது, சாப்பாடு ஊட்டறது. பாஷை தெரியாட்டியும் கையப் புடிச்சு உக்காந்தாப் போதும், அதுதான் அவங்களுக்கு வேணும். மத்தியானத்துக்கு மேல விருப்பப்பட்டா மறுபடி வேலைக்குப் போலாம். வியாழக்கிழமை லீவு. தங்கற செலவு, டிக்கெட்டு எல்லாம் நம்ம கைக்காசுதான், நிறையப் பேரு சட்டர் ஸ்ட்ரீட்ல சின்ன லாட்ஜுலதான் இருப்பாங்க, மூட்டைப்பூச்சிக்கு ரெடியாப் போங்க.