ரூட்டுக்கு மட்டும் தெரியும் ஸ்கேனர்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்கும் சேன் மென்பொருளை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவினேன். சூடோ சேர்த்து, அதாவது ரூட் என்ற நிர்வாகப் பயனரின் அதிகாரத்துடன், ஸ்கேனர்களைப் பட்டியலிடும் ‘ஸ்கேன்இமேஜ் -எல்’ கொடுத்தால் என் கேனான் லைடு 20 தெரிகிறது; சாதாரணப் பயனராகக் கொடுத்தால் ஸ்கேனரே இல்லை என்கிறது. கருவி பழுதா?

பதில்: பழுது இல்லை. ரூட்டுக்குத் தெரிவதால் கேபிளும் இயக்கியும் சரியாகவே இருக்கின்றன. தடை சாதனக் கோப்பின் அனுமதியில் இருக்கிறது. யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்யுஎஸ்பி’ கட்டளை பஸ் 001, டிவைஸ் 004, அடையாளம் 04ஏ9:220டி என்பது போல ஒரு வரியைக் காட்டும். டெவ், பஸ், யுஎஸ்பி, 001 என்ற அடைவுகளுக்குள் சென்று 004 என்ற கோப்பை ‘எல்எஸ் -எல்’ கொண்டு பார்த்தால், உரிமையாளரும் குழுவும் ரூட் என்றும், மற்றவர்களுக்குப் படிக்க மட்டுமே அனுமதி என்றும் தெரியும். ஸ்கேனருக்கு ஆணை அனுப்புவதும் எழுதுவதாகவே கணக்கிடப்படுவதால் அது போதாது. லினக்ஸ் விநியோகங்களின் சேன் தொகுப்பு இதற்கான யூடெவ் விதிகளையும் (சாதனக் கோப்புகளை உருவாக்கி அனுமதி தரும் நிரலுக்கான விதிகள்) சேர்த்தே நிறுவும். நாமே தொகுக்கும்போது அவற்றை நாமே வைக்க வேண்டும்.

கேள்வி: நான் அந்தக் கோப்புக்கு சிஎச்மோட் 666 கொடுத்து, எல்லோரும் படிக்கவும் எழுதவும் அனுமதித்தேன். மறுநாள் மீண்டும் பழைய நிலைதான். ஏன்?

பதில்: கேபிளைக் கழற்றி மாட்டியதும் கர்னல் புதிய எண் தருகிறது. 004 மறைந்து 005 வந்துவிடும்; நீங்கள் அனுமதி மாற்றிய கோப்பு இப்போது இல்லை. ஆகவே மாறாத எண்களைப் பிடித்து விதி எழுதுங்கள். இடிசி அடைவில் யூடெவ், அதற்குள் ரூல்ஸ்.டி என்ற இடத்தில் ஒரு கோப்பை உருவாக்கி, தயாரிப்பாளர் எண் 04ஏ9 ஆகவும் பொருள் எண் 220டி ஆகவும் இருந்தால் ‘யூஆக்சஸ்’ என்ற டேக்கை (அடையாளக் குறியை) சேர்க்கும்படி ஒரே வரி எழுதினால் போதும். எண்களில் வரும் ஆங்கில எழுத்துகள் சிறிய எழுத்துகளாகவே இருக்க வேண்டும். பெரிய எழுத்தில் எழுதினால் விதி பொருந்தாது. கோப்பின் பெயர் 73-ஐ விடக் குறைந்த எண்ணில் தொடங்குவதும் மிக முக்கியம், ஏனெனில் அந்த டேக்கைப் பார்த்து அனுமதி வழங்கும் விதி 73 என்ற எண்ணில் தொடங்கும் கோப்பில் இருக்கிறது. 99 என்று பெயரிட்டுவிட்டு மாலை முழுவதும் தேடியவர்களை நான் கண்டிருக்கிறேன். பிறகு ‘யூடெவ்அட்மின் கண்ட்ரோல் --ரீலோட்’ கொடுத்து, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். ‘எல்எஸ் -எல்’ வரியில் அனுமதி எழுத்துகளின் முடிவில் ஒரு கூட்டல் குறி தோன்றினால் விதி வேலை செய்கிறது.

கேள்வி: எஸ்எஸ்எச் வழியாக, அதாவது வேறு கணினியிலிருந்து வலையமைப்பு மூலம், உள்நுழைந்தால் மட்டும் ஸ்கேனர் மறுக்கிறது.

பதில்: யூஆக்சஸ் அந்தக் கணினியின் முன் அமர்ந்து உள்நுழைந்தவருக்கு மட்டுமே உரியது. தொலைவிலிருந்து வருபவருக்கு, அதே விதியில் குழுவை ‘ஸ்கேனர்’ என்றும் அனுமதியை 0660 (உரிமையாளரும் குழுவும் படிக்கலாம், எழுதலாம்) என்றும் குறிப்பிட்டு, ‘யூசர்மோட் -ஏஜி’ கொண்டு அவரை அக்குழுவில் சேருங்கள். அதில் உள்ள ‘ஏ’ விடுபட்டால் சூடோ உட்பட அவருடைய மற்றக் கூடுதல் குழுக்கள் அனைத்தும் போய்விடும். வெளியேறி மீண்டும் நுழைந்த பிறகே மாற்றம் நடப்புக்கு வரும்.

கேள்வி: கூட்டல் குறியும் இருக்கிறது, ஆனாலும் ஸ்னாப்ஸ்கேன் இயக்கியைப் பயன்படுத்தும் வேறொரு ஸ்கேனரில் பிழை வருகிறது.

பதில்: ஸ்னாப்ஸ்கேன்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பு சுட்டும் ஃபர்ம்வேர் கோப்பு (ஸ்கேனருக்குள் ஏற்றப்படும் நிரல்) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது ரூட்டின் வீட்டு அடைவில் இருந்தால் உங்களால் படிக்க முடியாது. எல்லோரும் படிக்கக்கூடிய அடைவுக்கு அதை மாற்றி, 644 அனுமதி கொடுத்து, கான்ஃப் கோப்பிலும் பாதையைத் திருத்துங்கள்.