தரையில் படுத்தால் தவமா?

கேள்வி: என் அண்ணன் எட்டு ஆண்டுகளாக ஒருவேளைதான் சாப்பிடுகிறார். வெறும் தரையில் படுக்கிறார். செருப்பு போடுவதில்லை, இனிப்பைத் தொடுவதில்லை. அவர் விரதம் இருக்கும் நாளில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக்கூட முடியாது. மூன்று வேளையும் சாப்பிட்டு மெத்தையில் தூங்கும் எனக்கெல்லாம் ஆன்மிகம் கைகூடுமா?

பதில்: அண்ணன் விட்டவற்றையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டீர்கள். கோபம் அந்த வரிசையில் இல்லையே? ‘சத்தமாகப் பேசக்கூட முடியாது’ என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் கண்ணில் பட்டது அதுதான்.

‘உற்றநோய் நோன்றல் உயிர்க்குறுகண் செய்யாமை அற்றே தவத்திற் குரு’ என்பது குறள். தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது. தவத்தின் வடிவம் இவ்வளவுதான். உற்ற நோய் என்கிறார், வரவழைத்துக்கொண்ட நோய் என்று சொல்லவில்லை. சரி, உணவைக் குறைப்பதால் வரும் துன்பத்தையும் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இதில் சேர்க்கிறார். அண்ணன் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் குறளின் இரண்டாவது பாதியை என்ன செய்வார்? அவருடைய விரத நாளில் வீடே மூச்சை அடக்கிக்கொண்டு நடமாடுகிறது என்றால், நோன்பு அவருக்கு, நோவு உங்களுக்கு.

புத்தர் ஆறு ஆண்டுகள் உடம்பை வாட்டினார். வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் தட்டுகிற அளவுக்கு மெலிந்தார். ஞானம் வரவில்லை. சுஜாதை கொடுத்த பாற்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போதி மரத்தடியில் உட்கார்ந்தார் என்பது மரபு. ‘சாப்பிட்டுவிட்டார், இவர் கெட்டுப்போனார்’ என்று முடிவு கட்டி, கூட இருந்த ஐந்து பேரும் அவரை விட்டுப் போனார்கள். நீங்களும் அந்த ஐவரின் கணக்கைத்தான் போடுகிறீர்கள். அப்புறம் சாரநாத்தில் அவருடைய முதல் உபதேசத்தைக் கேட்டதும் அதே ஐவர்தான்.

கீதையின் 17ஆம் அத்தியாயமும் உடம்பை வதைக்கும் கோரத் தவத்தைப் பகட்டோடும் அகங்காரத்தோடும் சேர்த்துத்தான் கண்டிக்கிறது.

ஒருவேளை சாப்பிடுவது தப்பில்லை. நாக்கை அடக்கப் பழகுவது நல்ல பயிற்சிதான், எனக்கு அது இன்றுவரை வரவில்லை. ஆனால் எட்டு ஆண்டு என்ற கணக்கு உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அவர்தானே சொல்லியிருப்பார்!

நீங்கள் மெத்தையிலேயே தூங்குங்கள். அந்த ஒருவேளைச் சாப்பாட்டை நேரம் தவறாமல் சமைத்துக் கொடுப்பது யார்? அண்ணிதான் என்றால், அடுத்த கடிதத்தை அவரை எழுதச் சொல்லுங்கள்.