வேலியில் செங்காந்தள்: வெட்ட வேண்டுமா?

வணக்கம். ஐப்பசி மழைக்குப் பிறகு வேலியில் செங்காந்தள் ஏறிப் பூத்திருக்கிறது, வீட்டில் 3 வயதுக் குழந்தையும் ஆடுகளும் இருப்பதால் வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பயம் நியாயமானதே. செடி முழுக்கக் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும்தான் அதிகம். மேலே வெட்டினால் பயனில்லை. அடுத்த மழைக்குக் கிழங்கு மறுபடி துளிர்க்கும். குழந்தை கைக்கு எட்டும் இடம் என்றால், கையுறை போட்டுக் கிழங்கோடு தோண்டி, ஆடு போகாத வேலி ஓரத்தில் நட்டுவிடுங்கள். அழிக்க வேண்டாம், பாவம். மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே காடுகளில் குறைந்துவிட்டது.

பூவை விடக் காயைக் கவனியுங்கள். காய்ந்து வெடிக்கும்போது உள்ளே செக்கச்செவேலென்று விதைகள் தெரியும், குழந்தைகள் மிட்டாய் என்று எடுத்துவிடும். பச்சையாக இருக்கும்போதே பறித்துவிடுங்கள். கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துச் சாப்பிட்டவர்களும் உண்டு, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

தப்பித்தவறி வாயில் வைத்துவிட்டால் கைவைத்தியம் வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திராமல் செடியின் ஒரு துண்டோடு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், தூரத்தில் நின்று குழந்தைக்குக் காட்டுங்கள்: பச்சை மொட்டு மஞ்சளாகி, பிறகு சிவப்பாக மாறுவதையும், இலை நுனியே சுருண்டு கம்பியைப் பிடிப்பதையும்.