ஜாக்சன் ஹைட்ஸில் பழைய காண்டோ: அறையை அளப்பதற்கு முன் கட்டடத்தின் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: நியூயார்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் பல ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறோம். ஜாக்சன் ஹைட்ஸில், 1930களில் கட்டப்பட்ட ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு படுக்கையறை கொண்ட காண்டோ (தனிப் பத்திரத்துடன் வாங்கும் அடுக்குமாடி வீடு) 5,00,000 டாலருக்கு விற்பனைக்கு வந்துள்ளது. கூரை உயரமானது, தரை மரத்தாலானது, 7 எண் ரயில் நடக்கும் தூரத்தில் உள்ளது, ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போவதும் எளிது. ஆனால் அதே தெருவில் கோ-ஆப் வீடுகள் (கட்டடத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகளாக வாங்குபவை) இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கட்டடத்தின் வயதும் தயக்கம் தருகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் நீங்கள் குறிப்பிட்டுள்ள சிறப்புகள் எல்லாம் வீட்டுக்குள் நின்றுகொண்டு பார்த்தவை. இத்தகைய வீட்டின் உண்மையான விலையை நிர்ணயிப்பவை கட்டடத்தின் பத்திரங்களும் குழாய்களும்தான்.

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குயீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் 1909 முதல் இங்கே நிலம் வாங்கத் தொடங்கி, 1917இல் உயர்மட்ட ரயில் வந்த பிறகு, நடுவில் தோட்டம் வைத்த அடுக்குமாடி வீடுகளை வரிசையாகக் கட்டியது. யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அன்று வீடு மறுத்த அதே பகுதியில்தான் இன்று கொலம்பியர், எக்வடோர் நாட்டவர், வங்கதேசத்தவர், நேபாளியர், திபெத்தியர், இந்தியர் எல்லாரும் பக்கத்துப் பக்கத்து வாசல்களில் வாழ்கிறார்கள். அந்தப் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை கோ-ஆப்களாகவே இருக்கின்றன. காண்டோ என்ற உரிமை முறைக்கு நியூயார்க் மாநிலத்தில் 1964இல்தான் சட்டம் வந்தது. எனவே 1930களின் கட்டடம் ஒன்று இன்று காண்டோவாக இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் வாடகைக் கட்டடமாக இருந்து பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்று பொருள்.

அந்த மாற்றத்தின் ஆவணத்தை, அதாவது மாநில அட்டர்னி ஜெனரலிடம் பதிவான ஆஃபரிங் பிளானையும் அதன் திருத்தங்களையும், உங்கள் வழக்கறிஞர் படித்தே ஆக வேண்டும். குடியிருந்தவர்களை வெளியேற்றாமல் மாற்றிய கட்டடங்களில், வாடகைக் கட்டுப்பாட்டின்கீழ் வாழ்ந்தவர்கள் பழைய உரிமையுடனேயே தொடர்ந்து குடியிருப்பார்கள். அத்தகைய வீடு விற்பனைக்கு வந்தால், பத்திரம் உங்கள் பெயருக்கு மாறினாலும் குடியிருப்பவரை நீங்கள் வெளியேற்ற முடியாது. நீங்கள் பார்த்த வீடு காலியாக ஒப்படைக்கப்படும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். மாற்றத்தை நடத்திய ஸ்பான்சர் கையில் இன்னும் எத்தனை வீடுகள் உள்ளன என்றும் கேளுங்கள். பெரும்பங்கு அவரிடமே இருந்தால் நிர்வாகக் குழு அவர் சொல்படி நடக்கும், வங்கிகளும் கடன் தரத் தயங்கும்.

கோ-ஆப் மலிவாக இருப்பதன் காரணம் கட்டடத்தின் தரம் அன்று, உரிமையின் தன்மை. கோ-ஆபில் நீங்கள் வாங்குவது ஒரு நிறுவனத்தின் பங்குகளையும் அதனுடன் வரும் குத்தகையையும்தான். உங்களை ஏற்க மறுத்தால் அதன் குழு காரணம் சொல்லவேண்டியதில்லை, உள்வாடகைக்கு விடுவதையும் அது கட்டுப்படுத்தும். காண்டோவில் கிரயப் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கும், குழுவுக்குப் பொதுவாக இருப்பது அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை மட்டுமே. மாதச் செலவை ஒப்பிடும்போது கவனம் தேவை. கோ-ஆபின் பராமரிப்புக் கட்டணத்தில் சொத்து வரியும் கட்டடத்தின் பொதுக் கடனுக்கான தவணையும் அடங்கிவிடும், காண்டோவில் பொதுக் கட்டணம் தனி, வரி தனி. காண்டோவுக்குக் கடன் வாங்கினால் அடமானப் பதிவு வரியும் உண்டு. இந்நகரில் 5,00,000 டாலருக்குக் குறைந்த கடனுக்கு வாங்குபவர் பங்கு 1.8%. நீங்கள் 4,00,000 டாலர் கடன் எடுத்தால் ஏறத்தாழ 7,200 டாலர் இதற்கே போகும், கோ-ஆபுக்கு இந்த வரி இல்லை. பிற்காலத்தில் வாடகைக்கு விடும் எண்ணமோ விரைவில் விற்கும் எண்ணமோ இருந்தால் இந்தக் கூடுதல் செலவு தகும். இருபது ஆண்டுகள் அங்கேயே வாழப்போகிறவர்களுக்கு நல்ல கோ-ஆப் ஒன்றே லாபம் என்பது என் கருத்து.

இனிக் கட்டடம். அக்காலச் சுவர்கள் தடிமனானவை, அடுத்த வீட்டுப் பேச்சு எளிதில் கேட்காது. இந்தப் புகழ் நியாயமானதே. சிக்கல் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. தண்ணீர்க் குழாய்கள் பழைய ஜி.ஐ. பைப்புகளாகவே இருந்தால் உள்ளே துருப்பிடித்து அடைபட்டிருக்கும். மேல்மாடி வீடு ஒன்றில் சமையலறைக் குழாயையும் ஷவரையும் ஒன்றாகத் திறந்தால் அழுத்தம் குறைகிறதா என்று தெரிந்துவிடும். வீட்டுக்குள் குழாய்களைப் புதிதாக்கியிருப்பார்கள், மாடிகளை இணைக்கும் நெடுங்குழாய்கள் எப்போது மாற்றப்பட்டன என்பதே கேள்வி. மின்சாரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய ஃபியூஸ் பெட்டியும் துணி சுற்றிய கம்பிகளும் இருந்தால், இரண்டு ஏ.சி.யும் மைக்ரோவேவும் ஒரே நேரத்தில் ஓடாது. பழைய கழிவுநீர்க் குழாய்கள் தாங்காது என்பதால் வீட்டுக்குள் துணி துவைக்கும் இயந்திரம் வைக்கப் பல கட்டடங்களில் அனுமதியில்லை. சமையல் எரிவாயுவைப் பற்றித் தனியாக விசாரியுங்கள், ஏனெனில் கசிவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் முழுக் கட்டடத்துக்கும் இணைப்பு துண்டிக்கப்பட்டு, சோதனைகள் முடிந்து அது திரும்ப வர மாதங்கள் ஆவதுண்டு. ஈயம் கலந்த பெயிண்டை வீடுகளில் பயன்படுத்த நகரம் 1960இல்தான் தடை விதித்தது. சிறு குழந்தை இருந்தால் சோதனை செய்யாமல் குடிபுக வேண்டாம், குறிப்பாகத் திறந்து மூடும்போது உராயும் ஜன்னல் சட்டங்களைச் சோதியுங்கள்.

ஆறு மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிச்சுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிபுணரைக் கொண்டு ஆய்வு செய்யவேண்டிய கட்டாயம் ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கே உரியது. உங்களுக்கு அது செலவு மிச்சம், ஆனால் செங்கல் இணைப்புகளை யாரும் நீண்ட காலம் பார்க்காமலும் இருந்திருக்கலாம். மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் தெருவை நோக்கி இருந்தால், 2024 முதல் உயரம் எதுவாயினும் ஆண்டுதோறும் அதைப் பார்வையிட்டு அறிக்கை வைத்திருக்க வேண்டும். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்; அது இல்லையென்றால் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதற்கு அதுவே பதில். கட்டடம் 25,000 சதுர அடிக்கு மேல் இருந்தால் 2019ஆம் ஆண்டின் கரியமில வாயு வரம்புச் சட்டத்துக்கு உட்படும். வரம்பு 2030இல் கடுமையாகிறது, மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் அபராதம் 268 டாலர். எண்ணெயில் ஓடும் பழைய பாய்லர் என்றால் அதை மாற்றும் செலவு உங்கள் தலையிலும் விழும்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும் என்பதைக் கடந்த சில ஆண்டுகளின் வரவுசெலவு அறிக்கையிலும் குழுக் கூட்டக் குறிப்புகளிலும் தேடுங்கள். பொதுக் கட்டணம் மிகக் குறைவு என்று விளம்பரத்தில் பெருமையாக எழுதியிருந்தால் நான் முதலில் சேமநிதியைத்தான் பார்ப்பேன். அது மெலிந்திருந்தால், கூரை ஒழுகும் நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் சிறப்பு வசூல் வரும்.

கட்டடம் 1993இல் அறிவிக்கப்பட்ட வரலாற்றுப் பாதுகாப்பு எல்லைக்குள் இருந்தால், வெளியே தெரியும் ஜன்னலை மாற்றவும் நகரத்தின் அனுமதி வேண்டும். முந்தைய உரிமையாளர் அனுமதியின்றி மாற்றியிருந்தால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு உங்களுக்கு வரும். ரூஸ்வெல்ட் அவென்யூவின் மேல் ஓடும் ரயிலும் லகார்டியாவில் இறங்கும் விமானங்களும் எழுப்பும் ஓசை ஞாயிறு மதியம் தெரியாது, வார நாளில் இரவு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நியூயார்க்கில் தனி வீடு விற்பவர் குறைகளை எழுதித்தரும் சட்டப் படிவம் காண்டோவுக்குப் பொருந்தாது. எனவே வீட்டுச் சோதனையாளரை அழைத்துப் பார்ப்பதும் வழக்கறிஞர் ஆவணங்களைப் படிப்பதும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே முடிய வேண்டும். விற்பவர் உங்கள் விலைக்கு வாய்மொழியாக ஒப்புக்கொண்ட நிலையில் இரு தரப்புக்கும் கட்டுப்பாடு இல்லை. கையெழுத்திட்டபின் வழக்கமான 10% முன்பணம், அதாவது உங்கள் விலையில் 50,000 டாலர், பிணையாகிவிடும்.